ஓரெழுத்தும் ஒழுகிய பெயிண்டும்

1970-ஆம் ஆண்டுப் பிளிமத் குடா ஒன்றின் முன் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தால், ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டு மூலையில் ஒரு சின்னத் தகடு தெரியும். பி, எஸ், 23, ஆர், 0, பி என்று தொடங்கி ஒரு வரிசை எண்ணோடு முடியும் அடையாள எண் அதில் இருக்கும். முதல் பி, பாரகூடா குடும்பத்தைச் சொல்கிறது. எஸ், அந்தக் குடும்பத்தின் வேகப் பிள்ளையான குடாவை. 23 என்றால் நிலையான கூரையும் இரண்டு கதவும். 0 என்பது 1970. கடைசி பி, மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராமிக் ஆலை. நடுவில் நிற்கிறதே ஆர், அதற்குத்தான் இத்தனை மதிப்பு. 426 கன அங்குல ஹெமி எஞ்சின் அந்த உடலுக்குள் ஆலையிலேயே இறங்கியது என்பதற்கு அந்த ஓரெழுத்து சாட்சி. அந்த ஆண்டில் ஹெமியோடு வந்த நிலைக்கூரைக் குடாக்கள் 652. திறந்த கூரையில் வந்தவை 14. அடுத்த ஆண்டு திறந்த கூரையில் 11 மட்டுமே வந்தன. அந்தப் பதினொன்றில் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

இப்படி ஒரு வண்டி, ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காகத் தூசி படிந்து கிடந்து ஒருவர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டு குரல்கள் எழும். ஆலை வாசலைத் தாண்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கு என்பது ஒன்று. இன்றைய எஞ்சின், இன்றைய பிரேக், இன்றைய சக்கரம் போட்டுச் சாலையில் விடு என்பது மற்றொன்று. ரெஸ்டோமாட் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பட்டறைகளில் ஓயாமல் நடக்கும் வழக்கு இது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஸ்பானரை எடுக்கக் கூடாது. படித்துவிட்டால், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்பதைப் பெரும்பாலும் வண்டியே சொல்லிவிடும்.

படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பானட்டைத் தூக்கினால் இடப்பக்க மட்கார்டின் உட்புறத்தில் இன்னொரு தகடு திருகி வைக்கப்பட்டிருக்கும். ஃபெண்டர் டேக் என்பார்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் இருப்பதுதான் முதல் வரி. ஈ74 என்றால் ஹெமி. டி21 என்றால் கையால் மாற்றும் நான்கு கியர். ஒரு வரி மேலே ஏறினால் நிறம்: எஃப்சி7 கண்ணைப் பறிக்கும் ஊதா, எஃப்ஜே5 எலுமிச்சைப் பச்சை. இன்னும் மேலே போகப் போக, சீட்டின் உறை என்ன, கோடு உண்டா, ரேடியோ உண்டா என்று ஒருவருடைய ஆசைப் பட்டியல் முழுவதும் குறியீடாக நிற்கும். ஹெமிக்கு மட்டும் அன்று 871 டாலர் 45 சென்ட் கூடுதலாகக் கேட்டார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் வேறு எதை வேண்டும் என்றார், எதை வேண்டாம் என்றார் என்பது அந்தத் தகட்டில் இருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து எஞ்சினை வாங்கிவிட்டு ரேடியோவைத் தவிர்த்த ஒருவரை, அவர் யாரென்றே தெரியாமல், எனக்குப் பிடித்துப்போகும்.

தகடு தொலைந்திருந்தாலும் தாள் கிடைக்கலாம். ஆலையில் அடுத்தடுத்து நின்றவர்களுக்கு, வரப்போகும் உடலில் எதையெதைப் பொருத்த வேண்டும் என்று சொல்லும் குறியீட்டுத் தாள் ஒன்று உண்டு. பிராட்காஸ்ட் ஷீட் என்று பெயர். வண்டி வெளியே போகும்போது அந்தத் தாளும் கூடவே போய்விடுவதுண்டு. பின் சீட்டு ஸ்பிரிங்குகளுக்குள் செருகியபடியோ, பெட்ரோல் டேங்கின் மேல் தட்டில் ஒட்டியபடியோ. அரை நூற்றாண்டு கழித்துச் சீட்டைக் கழற்றுகிறவர் கையில், எலி கடித்ததும் எண்ணெய் ஊறியதுமாக அந்தத் தாள் வந்து விழும்போது, அந்த வண்டியின் ஜாதகமே வந்துவிடுகிறது. இதனால்தான் பழைய சீட்டைப் பிய்த்துக் குப்பையில் போடுவதைப் போன்ற அவசரம் வேறில்லை என்கிறேன். புதுச் சீட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தத் தாள் ஒன்றே ஒன்றுதான்.

எஞ்சின் அறையைப் பார்ப்போம். அந்தச் செம்மஞ்சள் நிறத்து எஞ்சினில் முதலில் கண்ணில் படுவது அகலம். இருபுறமும் கறுப்பு வால்வு மூடிகள், சுருக்கம் விழுந்தது போன்ற சொரசொரப்பான பெயிண்டில். எரியறையின் மேற்கூரை அரைக்கோளமாக இருப்பதால் வால்வுகள் இரண்டு திசையில் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் பிளக்குக்கு இடம். அதனால் பிளக் வயர்கள் மற்ற எஞ்சின்களைப் போலப் பக்கவாட்டில் சுற்றி வராமல், வால்வு மூடியின் நடுவிலேயே துளைத்துக்கொண்டு நேராக உள்ளே இறங்குகின்றன. எதற்காக இந்த எஞ்சின் வார்க்கப்பட்டதோ அந்தக் காரணமே வெளியில் தெரியும் அழகாகிவிட்டது. 1964-இல் டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி முதலாவதாக வந்தது இந்த அமைப்பின் வலிமையில்தான். 1966-இல் சாலை வண்டிகளுக்கு இறங்கி வந்தது. மேலே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கார்ட்டர் கார்பரேட்டர்கள். அவற்றின் மேல், பானட்டில் வெட்டிய ஓட்டை வழியே தலை நீட்டும் காற்றுக்கூடு. ஷேக்கர் என்ற பெயருக்கேற்ப அது பானட்டில் பொருத்தப்படாமல் எஞ்சினோடு பொருத்தப்பட்டிருப்பதால், வண்டி நின்ற இடத்தில் உறுமும்போது பானட் அசையாமல் இருக்க, இந்தக் கூடு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடும். ஆக்சிலரேட்டரைத் தட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கைத்துப்பாக்கிப் பிடியைப் போல் வடித்த கியர் தண்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே இந்த வண்டியைச் செய்தார்களோ என்று தோன்றும்.

பெரிய அழகுகளை யாரும் விட்டுவிடப் போவதில்லை. தொலைந்துபோவது சின்னவை. முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகளிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் பட்டையாக இழுத்த நிறக் கோடுகள் இருக்கும். வரிசையில் நின்றவர் பகுதி எண்ணைப் படிக்காமலே இந்த உடலுக்கு இந்தக் கம்பி என்று எடுக்க உதவியவை. எஞ்சின் அறைச் சுவர்த் தகட்டில் யாரோ ஒருவர் மெழுகுப் பென்சிலால் கிறுக்கிய எண். சரிபார்த்த போல்ட்டின் மேல் தூரிகையால் ஒற்றிய ஒரு சொட்டு. வண்டியின் அடிப்பாகத்தில் முழுதாக நிறம் பூச மாட்டார்கள். பக்கங்களுக்கு அடித்த நிறம் ஓரங்களில் சிதறி, உள்ளே போகப் போக மெலிந்து, பிரைமரில் கரைந்துவிடும். கதவு இடுக்கில் பெயிண்ட் ஒழுகிக் காய்ந்த தடம் ஒன்றும் இருக்கலாம்.

இந்த ஒழுகலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. குடா பிறந்த ஹாம்ட்ராமிக் ஆலைக்கு டாட்ஜ் மெயின் என்று பெயர். 1968 மே மாதத்தில், உற்பத்தி வரிசையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனதை எதிர்த்து அங்கே தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல் வேலையை நிறுத்தினார்கள். அதன் தொடர்ச்சியாகக் கறுப்பினத் தொழிலாளர்கள் டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அதே வரிசையில்தான் இந்த வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒழுகிய பெயிண்டையும் கோணலாக ஒற்றிய சொட்டையும் பார்க்கும்போது எனக்கு அந்த வேகம் தெரிகிறது. அடுத்த உடல் வந்துவிடும், இதை விடு என்று நகர்ந்த ஒரு கை தெரிகிறது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அங்கே நின்றவர்களின் கைத்தடம் இந்த உலோகத்தில் மிச்சம் இருக்கிறது. இதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கண்ணாடிபோல் வழவழப்பாக்குவதை மீட்டெடுத்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பல காலம் நடந்தது அதுதான். ஆலைநிலைக்குத் திருப்புகிறேன் என்று இறங்கியவர்கள், ஆலை ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தார்கள். பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் அன்று அடித்தது அக்ரிலிக் எனாமல். ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். இரண்டிலும் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போல் மெல்லப் புள்ளியிட்டிருக்கும். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் இருக்கும். இன்றைய பட்டறையில் பட்டி பார்த்து, தேய்த்து, நிறத்தின் மேல் தெளிபூச்சு ஏற்றி, ஆழம் காண முடியாத பளபளப்பைக் கொண்டுவந்தார்கள். ஆலை வெறுமனே விட்ட இரும்புக்கெல்லாம் கறுப்பு மினுமினுப்பு. பார்க்க அழகுதான். 1970-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதைத் திருத்தியவர்கள் அக்கறையுள்ள பித்தர்கள். 1974-இல் தொடங்கிய தேசியக் கார்வெட் மீட்டெடுப்பாளர் சங்கம், வண்டி ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அதற்கே மதிப்பெண் என்று விதித்தது. மிகையாக மெருகேற்றினால் மதிப்பெண் குறையும். போல்ட் தலையில் உள்ள எழுத்து, ஹோஸ் கிளாம்பின் வகை, கண்ணாடியில் பொறித்த மாதக் குறி, இவையெல்லாம் அங்கே தேர்வுப் பாடங்கள். குடா போன்ற மசில் கார்களின் உலகத்துக்கும் இந்தக் கண்டிப்பு பரவியது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்துவிட்டு, மற்ற ஏடுகளில் கண்ட வேறு பாடங்களை அடிக்குறிப்பில் படிப்பவர் கண்முன் வைத்தாரே, அந்த ஒழுக்கம் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. நல்ல மீட்டெடுப்பாளரும் பிரிப்பதற்கு முன் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுக்கிறார். கிறுக்கல் எங்கே இருந்தது, எந்தச் சாய்வில், எந்த நிறப் பென்சிலில் என்று குறித்துக்கொள்கிறார். புதுப் பெயிண்ட் காய்ந்த பிறகு அதே இடத்தில் அதே கிறுக்கலைத் திரும்ப எழுதுகிறார்.

அந்தத் திரும்ப எழுதிய கிறுக்கலை என்னவென்று மதிப்பது? அதில் மரியாதை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, சாட்சியம் மட்டும் இல்லை. ஆகவே மங்கிய பெயிண்டோடும் கிழிந்த சீட்டோடும் தாங்கி வந்திருக்கிற வண்டி என் கணக்கில் எந்த மீட்டெடுப்புக்கும் ஒரு படி மேல். துரு தின்னாமல் தடுத்து, பிரேக்கும் பெட்ரோல் குழாயும் பத்திரமாக இருக்கச் செய்து, மற்றபடி கையை மடக்கிக்கொள்வதே அதற்குச் செய்யத்தக்க பணிவிடை. 1970-இன் பிளிமத் சூப்பர்பேர்டைப் பாருங்கள். பந்தயத்துக்காகக் கூரிய மூக்கும் உயர்ந்து நிற்கும் பின்சிறகும் வைத்து அவசரமாகச் செய்த வண்டி. பின் கண்ணாடியைச் சுற்றி ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தார்கள். அந்தத் தையலைத் தேய்த்து மறைக்க நேரமில்லை. அதனால் எல்லாச் சூப்பர்பேர்டுக்கும் கூரையில் கறுப்பு வினைல் உறை. அலங்காரம் என்று நாம் நினைப்பது அவசரத்தின் போர்வை. அந்த உறையை நீக்கிவிட்டுக் கூரையைப் பளபளப்பாக்கினால் வண்டி அழகாகலாம். அந்தக் கதை போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மாற்றியமைப்பவர் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த நியாயம் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். ஹெமியின் எடை முழுவதும் முன்னச்சின் மேல். விளம்பரத்தில் 425 குதிரைத்திறன். கால் மைல் தூரம் பதின்மூன்று, பதினான்கு நொடி. இதை நிறுத்துவதற்கு, தனியாகக் காசு கொடுத்து முன் டிஸ்க் வாங்காதவருக்கு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குகள். டயர்களோ இழைகள் குறுக்காக ஓடும் பழைய கட்டமைப்பு. நேர்கோட்டில் பறக்கும், வளைவு வந்தால் ஓட்டுநர் வேண்டிக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கென்று பிறந்த ஒன்றை ஓட்டவே அஞ்சிக் கயிறு கட்டிய மேடையில் நிறுத்தி வைப்பதும் ஒருவகை இழப்புதானே என்று கேட்பவருக்கு என்னிடம் எளிய பதில் இல்லை.

அது மட்டுமில்லை, மாற்றியமைப்பிலும் நின்று சுவைக்க வேண்டிய நயம் உண்டு. அந்தக் காலத்துக் குரோம் பம்பர் உடலை விட்டு ஒரு விரல் தள்ளி நிற்கும். தேர்ந்த கைக்காரர் அதை வெட்டிக் குறுக்கி, வளைவைத் திருத்தி, மறுபடி குரோம் ஏற்றி, உடலோடு ஒட்ட வைப்பார். கூரை ஓரத்து மழைநீர் விளிம்பை எடுத்துவிடுவார். கண்ணாடியைத் தகட்டோடு சமமாக உட்கார வைப்பார். முடிந்ததும் பார்ப்பவருக்கு எது மாறியது என்று சொல்லத் தெரியாது. வண்டி முன்னைவிடத் தீர்மானமாக நிற்கிறது என்று மட்டும் தோன்றும். நல்ல மாற்றத்தின் இலக்கணமே இதுதான் என்பேன்: முதலில் வரைந்தவன் சொல்ல வந்த வரியை இன்னும் தெளிவாகச் சொல்வது. விஸ்கான்சின் மாநிலத்து ஸ்பிரிங் கிரீன் என்ற சிற்றூரில் ரிங் பிரதர்ஸ் பட்டறை இருக்கிறது. அவர்கள் 2017-இல் லாஸ் வேகஸ் சேமா கண்காட்சிக்கு 1972-ஆம் ஆண்டு ஏஎம்சி ஜாவலின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன் சக்கரங்களைச் சில அங்குலம் முன்னே தள்ளி, உள்ளே கிரைஸ்லர் குடும்பத்து டாட்ஜின் ஹெல்கேட் எஞ்சினை இறக்கியிருந்தார்கள். ஏஎம்சி நிறுவனத்தை 1987-இல் கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எஞ்சின் தேர்வில் ஓர் உறவு முறையும் இருக்கிறது. ஜாவலினின் நீண்ட முகத்துக்குக் கடைசியில் ஏற்ற உடற்கட்டு கிடைத்துவிட்டது என்றே பார்த்தபோது எண்ணினேன்.

அப்படியென்றால் எந்த உடலில் இதைச் செய்வது என்பதுதான் மிச்சக் கேள்வி. 1969-ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோவை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வந்தவை 2,43,085. அதே உடலில், 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு இசட்எல்1 என்ற பெயரில் வந்தவை 69. அந்த எஞ்சினின் விலை மட்டும் 4,160 டாலரைத் தாண்டியது. பல வண்டிகளை வாங்க ஆளில்லாமல் விற்பனையாளர்கள் தவித்தார்கள். வெளியில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எஞ்சின் என்றோ மாற்றப்பட்டு, தரை துருப்பிடித்து, தாள் ஏதுமில்லாமல் நிற்கிற சாதாரணக் கமாரோவில் யாராவது இன்றைய எல்எஸ் எஞ்சினும் ட்ரெமெக் ஆறு கியர்ப் பெட்டியும் வைத்தால் அந்த வண்டிக்கு மறுவாழ்வு. அறுபத்தொன்பதில் ஒன்றின் தரையை அகலச் சக்கரத்துக்காக வெட்டினால் அது கொலை. உடலே கிடைக்கவில்லை என்பவருக்காக டைனகார்ன் நிறுவனம் 1969 கமாரோவின் முழு எஃகு உடலைப் புதிதாகவே அச்சடித்துத் தருகிறது. வெட்டத் துடிக்கும் கைகளுக்கு இதைவிட நல்ல தாள் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் வழக்கைச் சற்றுக் குழப்பியாக வேண்டும். அசல், மாற்றம் என்று நாம் இழுக்கும் கோடு இந்த வண்டிகளின் பிறப்பிலேயே கோணலாகத்தான் ஓடுகிறது. மசில் கார் யுகத்தைத் தொடங்கி வைத்த 1964 பொன்டியாக் ஜிடிஓ என்ன? நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த காலத்தில், ஜான் டிலோரியனும் பில் காலின்ஸும் ரஸ் கீயும் பெரிய வண்டியின் 389-ஐ எடுத்துச் சின்ன உடலில் வைத்தார்கள். தனி வண்டி என்று சொன்னால் மேலிடம் தடுக்கும் என்று விருப்பப் பொருத்தமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. மாற்றியமைப்பே ஆலைக்குள் புகுந்து அசலாகிவிட்டது.

டான் யென்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்க்கில் செவர்லே விற்ற அவர், புதுக் கமாரோவின் எஞ்சினைக் கழற்றிவிட்டு 427-ஐ மாட்டித் தன் பெயரில் விற்றார். 1969-இல் அவருக்காகச் செவர்லே ஆலையே மைய அலுவலக உற்பத்தி ஆணை என்ற துணைவழியில் அந்த எஞ்சினைப் பொருத்தி அனுப்பியது. இன்று யென்கோ கமாரோ ஒன்றை ஆலைநிலைக்குத் திருப்புகிறேன் என்று அவருடைய கோட்டையும் பட்டையையும் எடுத்துவிட்டால் அதைவிட அறியாமை இல்லை. சாதாரண வாலிபர்களும் சும்மா இருக்கவில்லை. வண்டி வாங்கிய மறுநாளே கிரேகர் சக்கரம், ஹர்ஸ்ட் கியர் தண்டு, வேறு சைலன்சர் என்று மாட்டிக்கொண்டார்கள். டே டூ என்றே அந்தக் கோலத்துக்குப் பெயர். அன்று மாட்டிய அந்தச் சக்கரம் இன்று அந்த வண்டியின் சொந்த வரலாறு. சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில் ஆண்டுதோறும் நவம்பரில் கூடும் மசில் கார் கண்காட்சியில், ஆலைநிலை வண்டிகளோடு இந்த மறுநாள் வண்டிகளுக்கும் மதிப்பான இடம் தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரிசை அது. ஆலை முடித்த பிறகு ஓர் இளைஞன் தன் சம்பளத்தில் எழுதிச் சேர்த்த பகுதியை அங்கே பார்க்கலாம்.

மாற்றமும் காப்பும் ஒரே வண்டியில் பிணைந்து நிற்பதைக் காண வேண்டுமென்றால் 'புல்லிட்' மஸ்டாங்கைப் பார்க்க வேண்டும். 1968-இல் ஸ்டீவ் மெக்வீன் நடித்த அந்தப் படத்துக்காக இரண்டு கரும்பச்சை மஸ்டாங் ஜிடி 390 வண்டிகளை எடுத்தார்கள். மேக்ஸ் பால்சௌஸ்கி என்ற பந்தயக் கைக்காரர் சஸ்பென்ஷனை வலுவாக்கினார். முன் கிரில்லிலிருந்த குதிரைச் சின்னம் போயிற்று; சக்கரங்கள் மாறின; கேமராக்களைப் பொருத்த உடலில் ஓட்டைகள் போட்டார்கள். ஒரு வண்டியை 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. அந்த வீட்டு அம்மா அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லித்தரப் போய்வந்தார். 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெளிவந்தபோது பெயிண்ட் மங்கி, நெளிவும் துருவுமாக, கேமரா ஓட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றை அடைத்து, பச்சையைப் புதிதாக அடித்து, குதிரையைத் திரும்ப ஒட்டியிருந்தால் ஃபோர்டு ஆலை அனுப்பிய மஸ்டாங் கிடைத்திருக்கும். அப்படிப்பட்டவை எத்தனையோ இருக்கின்றன. ஒட்டாமல் விட்டதால் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2020 ஜனவரியில் கிஸ்ஸிம்மி ஏலத்தில், கட்டணங்களோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது.

உடன்பிறந்த வண்டியின் கதைதான் என்னை உலுக்குகிறது. சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் தாவிக் குதித்த சண்டைக்காட்சி வண்டி அது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் எஞ்சின் இல்லாத வெறுங்கூடாகக் கிடந்தது. வாங்கியவருக்கு அது என்னவென்று தெரியாது. 2000-ஆம் ஆண்டின் 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்துக்காக ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்டும் சிப் ஃபூஸும் வடிவமைத்த எலனோர் மஸ்டாங்கின் நகலாக அதை மாற்றும் வேலை தொடங்கவிருந்தது. அந்தக் கட்டத்தில் யாரோ எண்ணைப் படித்தார்கள். 8ஆர்02எஸ்125558. 8 என்றால் 1968, ஆர் என்றால் சான் ஹோசே ஆலை, 02 என்றால் சரிந்த முதுகு, எஸ் என்றால் 390 எஞ்சின். கடைசி எண் எட்டு. மெக்வீன் ஓட்டிய வண்டியின் எண் ஒன்பதில் முடிகிறது. ஃபோர்டின் உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி நேரில் பார்த்து உறுதி செய்தார். ஷாக் கோபுரங்களில் பற்றவைத்த வலுவூட்டலும் படத்துக்காகப் போட்ட ஓட்டைகளும் சாட்சி சொல்லின. வெல்டிங் கம்பியின் நெருப்பு சற்று முந்தியிருந்தால் அந்தத் தழும்புகள் எல்லாம் ஃபைபர் உறைகளுக்கு அடியில் போயிருக்கும்.

அதனால் பட்டறைக்கு வண்டி வந்த முதல் வாரத்தில் கழுவக்கூட வேண்டாம் என்பேன். படமெடுக்கலாம், தகடு, பிளாக், கியர்பெட்டி, எங்கெல்லாம் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் துணியால் துடைத்துப் படிக்கலாம், சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தாளைத் தேடலாம். எஞ்சினில் பொறித்த எண் உடலின் எண்ணோடு ஒத்துப்போனால், அந்த வண்டியில் திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது. வெட்டக் கூடாது, துளைக்கக் கூடாது, பற்றவைக்கக் கூடாது. ஓட்டும் ஆசைக்கு வழி இல்லாமல் இல்லை. ரேடியல் டயர் போடலாம். அதே ஆண்டில் ஆலையே விற்ற முன் டிஸ்க் பிரேக்கை போல்ட்டில் மாட்டலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறையும்படி மின்னணு இக்னிஷன் வைக்கலாம். கழற்றிய ஒவ்வொன்றையும் பெயர் எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தால் அடுத்து வருகிறவர் ஒரு நாளில் திருப்பிவிடுவார். சில இடங்களில் விதி வளையத்தான் செய்யும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வார்த்த சிலிண்டர் ஹெட்டில், இன்றைய பெட்ரோல் தின்னாதபடி கடினமான வால்வு இருக்கைகளைக் கடைந்து பொருத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் உயிரோடு இருக்க அது வேண்டும்.

கடினமான வழக்கு ஒன்று மிஞ்சுகிறது. தகட்டில் ஆர் இருக்கிறது, ஃபெண்டர் டேக்கில் ஈ74 இருக்கிறது, உள்ளே ஹெமி இல்லை. எப்போதோ பந்தயத்தில் வெடித்தோ விற்கப்பட்டோ போய்விட்டது. இங்கே ஆசையும் பணமும் சேர்ந்து ஒரு பொய்யைச் செய்யத் தூண்டும்: அந்தக் காலத்து வேறொரு ஹெமி பிளாக்கைத் தேடிப் பிடித்து, பழைய எண்ணைத் தேய்த்து, இந்த வண்டியின் எண்ணைப் புதிதாகப் பொறிப்பது. அதைச் செய்தவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் அந்த நுணுக்கத்தை என்னால் பாராட்ட முடியாது. தொண்ணூறுகளின் இறுதியில் 'நாஷ் பிரிட்ஜஸ்' தொலைக்காட்சித் தொடரில் டான் ஜான்சன் ஓட்டிய மஞ்சள் குடா, ஹெமிக் குடாவைப் போல் வேடமிட்ட எளிய வண்டி. நகல் என்று சொல்லியே ரசிக்கப்படுகிறது. அதில் குற்றமில்லை. எஞ்சின் இழந்த உண்மையான ஆர் வண்டிக்கு நான் சொல்வது, அதே மாதங்களில் வார்த்த ஹெமி பிளாக் கிடைக்கும்வரை காத்திருப்பது. கிடைத்தால் அதன் சொந்த எண்ணோடே பொருத்தி, பழைய எஞ்சின் போனதைக் காகிதத்தில் எழுதி வண்டியோடு வைப்பது. காத்திருக்கும் காலத்தில் புதுத் தலைமுறை ஹெமி ஒன்றை, பழைய தாங்கிகளை வெட்டாமல் போல்ட்டில் உட்கார வைத்து, ஆசை தீர ஓட்டலாம்.